க்ரீம் டப்பாவின் முன்பக்கமும் பின்பக்கமும்

எந்த அழகுப் பொருளை எடுத்தாலும் அதில் இரண்டு பேர் எழுதியிருப்பார்கள். முன்பக்கம் எழுதுவது விளம்பரத் துறை. பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதை எழுத வைப்பது சட்டம். முன்பக்கத்தை நாம் கடையிலேயே படித்துவிடுகிறோம். பின்பக்கத்தைப் படிக்கிறவர்கள் மிகக் குறைவு. படித்தாலும் புரியாது என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் காலேஜ் போகிற பெண் இருப்பதால் டப்பாக்களுக்குப் பஞ்சம் இல்லை. போன மாதம் அவற்றின் முன்பக்கச் சொற்களை எக்செல்லில் ஒரு பத்தியிலும், பின்பக்கப் பெயர்களை அடுத்த பத்தியிலும் ஏற்றிப் பார்த்தேன். பிறகு ஒவ்வொரு சொல்லுக்கும் வரலாறு தேட ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மென்பொருள் எழுதுகிறவன், தோல் டாக்டர் இல்லை. ஆனால் ஒரு சொல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் நழுவுகிறது என்று பார்க்க டாக்டர் பட்டம் தேவையில்லை.

1. ஹைபோஅலர்ஜெனிக், டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்

'ஹைபோ' என்றால் கிரேக்கத்தில் குறைவு, கீழே என்று பொருள். ஹைபோஅலர்ஜெனிக் என்றால் அலர்ஜி வரும் வாய்ப்பு குறைவானது. சரி, எதைவிடக் குறைவு? இதே கேள்வியை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1975இல் கேட்டது. இந்தச் சொல்லைப் போட வேண்டுமானால், போட்டி நிறுவனங்களின் பொருட்களைவிட உங்கள் பொருளால் குறைவான பேருக்கே ஒவ்வாமை வருகிறது என்று ஆய்வு செய்து காட்டுங்கள் என்று விதி கொண்டு வந்தது. நியாயமான விதி.

அல்மே, கிளினிக் என்ற இரண்டு நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. கீழ்க்கோர்ட்டில் தோற்று, மேல்முறையீட்டில் 1977 டிசம்பரில் ஜெயித்தன. மக்கள் இந்தச் சொல்லை நீங்கள் சொல்லும் அர்த்தத்தில்தான் புரிந்துகொள்கிறார்கள் என்பதை நிர்வாகம் நிரூபிக்கவில்லை என்றது தீர்ப்பு. விதி ரத்தானது. அமெரிக்காவில் இன்றுவரை அந்தச் சொல்லுக்கு மத்திய அரசின் வரையறை எதுவும் இல்லை. அந்த நிறுவனம் என்ன நினைக்கிறதோ அதுதான் அர்த்தம்.

'டெர்மட்டாலஜிஸ்ட் டெஸ்டட்' இன்னும் சுவாரசியம். சோதனை நடந்தது என்கிறது. எத்தனை பேரிடம், எத்தனை நாள், என்ன முடிவு என்று எதுவும் இல்லை. என் தொழிலில் ஒருவர் வந்து "டெஸ்ட் பண்ணியாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அடுத்த கேள்வி "பாஸா, ஃபெயிலா?" என்பதுதான். டப்பாவிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இந்தச் சொற்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. சில நிறுவனங்கள் நிஜமாகவே கவனமாகச் சோதிக்கின்றன. ஆனால் சோதித்தவரும் சோதிக்காதவரும் ஒரே சொல்லைப் போட முடியும் என்றால், அந்தச் சொல்லை வைத்து நம்மால் எதையும் தீர்மானிக்க முடியாது.

2. பாராபென் ஃப்ரீ

இதுதான் எனக்கு மிகவும் பாடம் சொன்ன கதை.

தண்ணீர் கலந்த எந்த க்ரீமிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அதைத் தடுக்கப் பதப்படுத்தும் பொருள் வேண்டும். பல பத்தாண்டுகளாக அந்த வேலையைப் பாராபென்கள் செய்துவந்தன. 2004இல் இங்கிலாந்தில் பிலிப்பா டார்ப்ரே குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 20 மார்பகக் கட்டி மாதிரிகளில் பாராபென் இருப்பதைக் கண்டதாகச் சொன்னார்கள். இருந்தது என்பதுதான் கண்டுபிடிப்பு, அதனால்தான் கட்டி வந்தது என்பது அல்ல. அந்த ஆய்வில் ஆரோக்கியமான திசுவோடு ஒப்பீடும் இல்லை. ஆனால் செய்தியாக ஊர் சுற்றியபோது 'பாராபென் என்றால் புற்றுநோய்' என்று ஆகிவிட்டது.

நிறுவனங்கள் என்ன செய்தன? விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதைவிட எடுத்துவிடுவது சுலபம். எடுத்துவிட்டு, முன்பக்கத்தில் 'பாராபென் ஃப்ரீ' என்று போட்டுக்கொண்டால் விற்பனைக்கும் நல்லது. ஆனால் பாராபென் போன இடத்தில் பாக்டீரியாவைத் தடுக்க வேறு ஏதாவது வர வேண்டுமே? அப்படி வந்தவற்றில் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். அழகுப் பொருட்களில் இதைத் தனியாக, பத்து லட்சத்தில் 100 பங்கு வரை சேர்க்க ஐரோப்பாவில் 2005இல் அனுமதி கிடைத்தது. க்ரீம், ஷாம்பு, ஈரத் துடைப்பான் என்று எல்லாவற்றிலும் புகுந்தது.

சில வருடங்களில் ஐரோப்பிய தோல் மருத்துவமனைகளில் முகம் சிவந்து, அரித்து, தோல் உரிந்து வருகிறவர்கள் கூட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவின் தொடு ஒவ்வாமை மருத்துவர்கள் சங்கம், 2013ஆம் ஆண்டின் 'அலர்ஜிப் பொருள்' என்று இதைத்தான் அறிவித்தது. பூசிவிட்டுக் கழுவாமல் விடுகிற பொருட்களில் இதைச் சேர்க்கவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. அதே மருத்துவர்கள் சங்கம் 2019இல் ஒரு காரியம் செய்தது. பாராபென்களை 'ஆண்டின் அலர்ஜி அல்லாத பொருள்' என்று அறிவித்தது. அதாவது, தோல் ஒவ்வாமைக் கணக்கில் மிகவும் சாதுவான பதப்படுத்தியைத்தான் நாம் பயந்து துரத்தியிருக்கிறோம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பாராபென்களும் ஒன்றல்ல. போதிய பாதுகாப்புத் தகவல் இல்லை என்று, அதிகம் பயன்படாத ஐந்து பாராபென்களை ஐரோப்பா 2014இல் தடை செய்தது. புரோப்பைல், பியூட்டைல் வகைகளுக்கு அளவைக் குறைத்தது. அது ஒழுங்கான முறை. பெயர் சொல்லி, அளவு சொல்லி, காரணம் சொல்லிச் செய்தார்கள். 'பாராபென் ஃப்ரீ' என்ற முத்திரை அப்படி எதையும் சொல்வதில்லை. ஒன்று இல்லை என்று மட்டும் சொல்கிறது. அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள டப்பாவைத் திருப்பித்தான் பார்க்க வேண்டும்.

3. இயற்கை, கெமிக்கல் இல்லை

தண்ணீரும் கெமிக்கல்தான் என்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் இதை நம்புகிறவர்கள் முட்டாள்கள் அல்ல. வாயில் நுழையாத பெயர்களைப் பார்த்துப் பயப்படுவது இயல்பு. பிரச்சினை, அந்தப் பயத்துக்குத் தரப்படும் பதிலில்தான்.

மணமூட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அழகுப் பொருட்களால் வரும் ஒவ்வாமைக்கு முதன்மையான காரணங்களில் அவையும் ஒன்று. ஒரு டப்பாவின் பின்பக்கத்தில் 'பர்ஃப்யூம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பத்து இருபது பொருட்கள் ஒளிந்திருக்கலாம். அதனால்தான் ஐரோப்பா 26 மணப் பொருட்களைக் குறித்து, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பெயரை வெளிப்படையாகப் போட வேண்டும் என்றது. 2023இல் அந்தப் பட்டியலை இன்னும் நீட்டியது. அதில் லிமோனீன், லினலூல் என்ற பெயர்கள் உண்டு. முதலாவது ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் இருப்பது. இரண்டாவது லாவெண்டரில் இருப்பது. இரண்டும் சுத்தமான இயற்கை. காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகு அலர்ஜி தரும் தன்மை கூடுகிறது.

நம் ஊர் அழகுக் குறிப்புகளில் தவறாமல் வரும் எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொள்வோம். அதன் அமிலத்தன்மை நம் தோலின் அமிலத்தன்மையைவிடப் பல மடங்கு அதிகம். எலுமிச்சை வகைப் பழங்களில், குறிப்பாகத் தோலில், ஃபுரானோகுமரின் என்ற பொருட்கள் உண்டு. அவை பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கலாம், பிறகு கருமையாக மாதக்கணக்கில் நிற்கலாம். கருமை போகப் பூசியது கருமையைக் கொண்டுவரும்.

கல்யாண வீட்டு 'கருப்பு மருதாணி' கோன் இன்னொன்று. மருதாணி இலை தருவது ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு. ஒரு மணி நேரத்தில் மை மாதிரிக் கருப்பாகப் பிடிக்கிறதென்றால், அதில் தலைச்சாயத்தில் போடும் பாரா-ஃபீனிலீன்டையமீன் இருக்க வாய்ப்பு மிக அதிகம். அதனால் கை கொப்புளித்த ஒருவருக்குப் பல வருடம் கழித்துத் தலைச்சாயம் போட்டாலும் அதே ஒவ்வாமை கடுமையாக வரலாம். ஒட்டுப் பொட்டும் இந்த வரிசையில்தான். சில பொட்டுகளின் பசையில் இருக்கும் பாரா-டெர்ஷியரி-பியூட்டைல்ஃபீனால் என்ற பொருள், பொட்டு வைக்கிற இடத்தில் நிறமணுக்களைக் கொன்று வெள்ளைத் தழும்பு உண்டாக்குகிறது. இந்தியத் தோல் மருத்துவ இதழ்களில் இது பழைய செய்தி. கடையில் பொட்டு அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பசையில் என்ன இருக்கிறது என்று போட்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

4. ஃபேர்னஸ் போய் க்ளோ வந்தது

1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பெயர் மாற்றத்துக்குப் பின்னால் உலகம் முழுக்க எழுந்த நிறவெறி எதிர்ப்பு இருந்தது. 'கருப்பு என்றால் குறை' என்று நாற்பத்தைந்து வருடம் வீட்டுக்கு வீடு விளம்பரம் செய்த ஒரு சொல் போனது நல்லதே. ஆனால் சொல் போனதால் ஆசை போகவில்லை. 'க்ளோ', 'ப்ரைட்', 'பார்லர் க்ரீம்' என்று வேறு பெயர்களில் அதே ஆசை விற்கப்படுகிறது. தோலுக்கு மிகப் பெரிய ஆபத்து, பிரபலமான, லேபிள் ஒட்டிய டப்பாக்களில் இல்லை. பின்பக்கமே இல்லாத டப்பாக்களில் இருக்கிறது.

இரண்டு பொருட்கள். முதலாவது பாதரசம். மெலனின் உற்பத்திக்குத் தேவையான ஒரு நொதியை அது முடக்குவதால் தோல் வெளுக்கிறது. கூடவே தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தில் சேருகிறது. கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில் இரண்டு சிறுநீரக மருத்துவர்கள் கவனித்ததை, 'கிட்னி இன்டர்நேஷனல்' இதழ் 2024இல் வெளியிட்டது. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரக வடிகட்டி பழுதாகிப் புரதம் கசியும் ஒரு நோயோடு அவர்களிடம் வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அரிய வகை ஒன்று. அந்த 15 பேரில் 13 பேர் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்குச் சரியானது.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப் பொருள் விதிகள்படி, கண் பகுதிக்கானவை தவிர மற்றவற்றில், தெரியாமல் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் கூடி, பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025க்குள் முழுக்க நிறுத்துவதென்று முடிவு செய்தன. சட்டம் தெளிவு. லேபிளே இல்லாத க்ரீமுக்குச் சட்டம் எப்படித் தெரியும்?

இரண்டாவது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்றவை அருமையான மருந்துகள், டாக்டர் கையில் இருக்கும்வரை. 2011இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், 12 மையங்களில் முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரைப் பார்த்தார்கள். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னது மருத்துவர் இல்லை. 2018இல்தான் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது.

ஸ்டீராய்டு எப்படி ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பூசியதும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சிவப்பு, அரிப்பு, பரு எல்லாம் அடங்கி முகம் வெளுப்பாகவும் வழவழப்பாகவும் தெரிகிறது. மாதங்கள் போகப் போகத் தோல் மெலிகிறது, நரம்பு மாதிரிச் சிவப்புக் கோடுகள் தெரிகின்றன, முடி வளர்கிறது, பரு வருகிறது. பயந்து நிறுத்தினால் முகம் எரிந்து சிவந்து இன்னும் மோசமாகிறது. மறுபடி பூசினால் அடங்குகிறது. பூசுகிறவருக்கு என்ன தோன்றும்? 'இந்த க்ரீம் இல்லேன்னா என் முகம் தாங்காது' என்றுதான். நோயைக் கொடுப்பதே மருந்து மாதிரித் தெரிகிறது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் அனுபவம் நிஜம், அதிலிருந்து எடுத்த முடிவு தப்பு.

அதனால்தான் 'ரெண்டு வாரம் யூஸ் பண்ணேன், சூப்பர்' என்கிற வீடியோ விமர்சனங்களை நான் சந்தேகப்படுகிறேன். ஸ்டீராய்டு க்ரீமுக்கு எழுதப்படும் இரண்டு வார விமர்சனம் எப்போதுமே பிரமாதமாகத்தான் இருக்கும். சேதம் வரும் நேரத்தில் விமர்சகர் அடுத்த டப்பாவுக்குப் போயிருப்பார்.

5. பின்பக்கத்தை நம்பலாமா?

முழுக்க நம்ப முடியாது. ஜப்பானில் கனெபோ என்ற பெரிய நிறுவனம், ரோடோடெண்ட்ரால் என்ற வெண்மையாக்கும் பொருளைச் சேர்த்து க்ரீம்கள் விற்றது. அரசு ஒப்புதல் 2008இல் கிடைத்திருந்தது. பூசிய பலருக்குத் தோலில் வெள்ளைத் திட்டுகள் வந்தன. 2013 ஜூலையில் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 19,000 பேருக்கு மேல். ஒப்புதல், லேபிள், பெரிய பெயர், எல்லாம் இருந்தும் நடந்தது.

அப்படியென்றால் பின்பக்கத்தால் என்ன பிரயோஜனம்? பொருளுக்குப் பெயர் இருந்தது, தயாரித்தவருக்கு முகவரி இருந்தது. எனவே எது காரணம் என்று பிடிக்க முடிந்தது, கடைகளிலிருந்து எடுக்க முடிந்தது, பாதிக்கப்பட்டவர்களை எண்ண முடிந்தது. பின்பக்கம் 'இது பாதுகாப்பானது' என்று சொல்வதில்லை. தப்பு நடந்தால் எங்கே தேடுவது என்று சொல்கிறது. லாக் இல்லாத சர்வர் விழுந்தால் என்ன பாடு என்று என் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். மலப்புரத்து மருத்துவர்கள் ஒவ்வொரு நோயாளியிடமும் துருவித் துருவிக் கேட்டுத்தான் க்ரீமைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

6. அப்போ என்ன செய்யலாம்?

மேலே சொன்னவற்றிலிருந்து எங்கள் வீட்டில் கடைப்பிடிக்க ஆரம்பித்தவை இவை.

பின்பக்கம் இல்லாத எதுவும் முகத்துக்குப் போகக் கூடாது. பார்லரில் பெரிய டப்பாவிலிருந்து குட்டி டப்பாவுக்கு மாற்றித் தரும் க்ரீமும் இதில் சேர்த்தி. "அக்கா, இதோட ஒரிஜினல் டப்பாவைக் காட்டுங்க" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? நம் முகம், நம் காசு.

லேபிளில் மெர்க்குரி, கலோமல், சின்னபார் என்று எது இருந்தாலும் பாதரசம்தான். 'தங்கம், வெள்ளி, அலுமினியம் மீது படாமல் பூசவும்' என்ற எச்சரிக்கை இருந்தாலும் அதே சந்தேகம். பாதரசம் உலோகங்களோடு வினைபுரியும் என்பதால்தான் அப்படி எழுதுகிறார்கள். வளையலுக்கு ஆகாதது கன்னத்துக்கு எப்படி ஆகும்?

புதிதாக வாங்கினால் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். ஒரே வாரத்தில் மூன்று மாற்றினால் எதனால் அரிக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. முகத்துக்குப் போகும் முன், முழங்கையின் உள்பக்கத்தில் தினம் இரண்டு வேளை, ஏழு முதல் பத்து நாள் பூசிப் பாருங்கள். தலைச்சாயத்துக்குப் பெட்டியில் சொல்லியிருக்கும் 48 மணி நேரச் சோதனையை ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். போன தடவை ஒத்துக்கொண்டது இந்தத் தடவையும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை.

கண் மை, மஸ்காரா, லிப்ஸ்டிக் யாரோடும் பகிர வேண்டாம், கூடப் பிறந்தவளாக இருந்தாலும். மஸ்காராவுக்கு மூன்று மாதம்தான் ஆயுள். பிரஷ், ஸ்பாஞ்சைக் கழுவிக் காய வையுங்கள். மேக்கப்போடு தூங்க வேண்டாம். திறந்த தேதியை டப்பாவின் அடியில் எழுதுங்கள். திறந்த மூடி மாதிரி ஒரு படத்துக்குள் '12எம்' என்று இருந்தால், திறந்ததிலிருந்து 12 மாதம் என்று அர்த்தம். பின்பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், டாக்டர் கேட்கும்போது காட்டலாம்.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ஏதோ க்ரீம் பூசி, நிறுத்தினால் முகம் எரிகிறது என்றால் நீங்களாக மல்லுக்கட்ட வேண்டாம். ட்யூபை எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். கால் வீக்கம், சிறுநீரில் நுரை என்று வேறு டாக்டரிடம் போனாலும், அவர் கேட்காவிட்டாலும், க்ரீம் பூசியதைச் சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருக்கும். வெள்ளையாக ஆசைப்பட்டதை வாய்விட்டுச் சொல்வது யாருக்கும் சுலபம் இல்லை. ஆனால் மாத்திரைப் பட்டியல் கேட்கும் டாக்டருக்கு, முகத்தில் பூசியதும் பட்டியலில் உண்டு என்று நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.